அப்பாவின் காரைக் கண்டுபிடித்தோம், புதுசாக்கத்தான் வேண்டுமா?

மிச்சிகனில் இருக்கும் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வயதான அமெரிக்கர் ஒருவரைக் கண்ணைப் பொத்தி வீட்டு வாசலுக்குக் கூட்டி வருகிறார்கள். கையை எடுத்ததும் எதிரே, அவர் வாலிபத்தில் விற்றுவிட்ட பான்டியாக் ஜிடிஓ கார் நிற்கிறது. பிள்ளைகள் பல வருஷம் தேடிக் கண்டுபிடித்து, முகம் பார்க்கலாம் போலப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். மனிதர் பானட்டில் கையை வைத்துக்கொண்டு அழுகிறார். நானும் கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன்.

கீழே தம்பி எழுதியிருந்தான்: "நம்ம ஹெரால்டையும் இப்படித்தான் பண்ணணும்ண்ணா. செலவு என்னோடது."

வேண்டாம் என்றேன். இரண்டு மாதமாக எங்களுக்குள் இதுதான் சண்டை. இந்தப் பக்கத்தில் என் பழைய மாணவர்களும் பழைய வண்டிப் பிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் கட்சியை விரிவாகவே எழுதிவிடுகிறேன். தம்பியும் படிப்பான். படிக்கட்டும்.

முதலில் காரைப் பற்றி. அமெரிக்கர்கள் மசில் கார் என்பது, நடுத்தர உடம்புக்குள் ராட்சச எஞ்சினை வைத்த வண்டி. 1964-ல் வந்த ஜிடிஓவுக்கு 389 கன அங்குல எஞ்சின், ஏறத்தாழ 6.4 லிட்டர். எங்கள் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 948 சிசி. ஒரு லிட்டருக்கே 52 மில்லி குறைவு. அதற்குத் தசை ஏது, எலும்புதான்.

ஆனால் அது மெட்ராஸ் கார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. அந்தக் காலத்தில் நமக்கு இருந்த கார்களே இந்த மூன்றும்தான். புதுசுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்பா மன்னார்குடியில் கால்நடை மருத்துவர். 1966 மாடல், இரண்டு கதவு ஹெரால்டை 1971-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நடுராத்திரியில் எந்த ஊரிலாவது மாடு கன்று போடச் சிரமப்பட்டால் ஆள் வந்து கதவைத் தட்டும். இருபத்தைந்தடி இடம் கிடைத்தால் அந்தக் கார் முழுசாகத் திரும்பிவிடும். நம் கிராமத்துச் சந்துகளுக்கென்றே செய்தது போல இருக்கும். பானட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். நாங்கள் டயர் மேல் உட்கார்ந்து எஞ்சினை வேடிக்கை பார்ப்போம்.

1983-ல் விற்றார். தம்பிக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம். "என் படிப்புக்காக அப்பா காரை வித்தார்" என்று நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவன் அதை ஒரு பாரமாகவே சுமக்கிறான்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, 2022-ல் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய வரவு செலவு நோட்டுகள் கிடைத்தன. ஒன்றின் முதல் பக்கத்தில் காரின் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றும் அவர் கையெழுத்தில் இருந்தன. தேடலாம் என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

வாங்கிக்கொடுத்த புரோக்கர் உயிரோடு இல்லை. அவர் மகன், "பட்டுக்கோட்டைப் பக்கம் போச்சு" என்பதோடு சரி. நான்கைந்து பழைய மெக்கானிக்குகளைப் பார்த்தேன், இந்தப் பக்கத்திலும் எழுதிக் கேட்டேன். பதில் தந்தவன் மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கும் என் மாணவன். கணக்கில் நான் இரண்டு தடவை பெயில் போட்ட பையன். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு தென்னந்தோப்பில் மரம் சாய்ந்து கிடந்த பழைய காரைப் பார்த்ததாக எழுதினான். 2023 தையில் போனேன். கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. எண் ஒத்துப்போனது.

தோப்புக்காரப் பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். "வாங்க சார், இது டாக்டர் வண்டிதான்" என்றார். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அதற்கு டாக்டர் வண்டி என்றுதான் பெயராம். அவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்திருக்கிறது. அப்பா வைத்திருந்த வெள்ளை போய், பச்சை அடித்திருந்தார். கூரையில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம்.

"கஜாவுல மரம் விழுந்துச்சு சார். கொட்டகை போச்சு, நூத்துக்கு மேல மரம் போச்சு. வண்டிக்கு அடியில படுத்திருந்த நாலு ஆடு மட்டும் தப்பிச்சுது. இரும்புக்கடைக்காரன் எடை போட்டுக் கேட்டான். எப்படிக் குடுக்கிறது?"

ஆர்சி புத்தகத்தை எடுத்துவந்து காட்டினார். பிரித்துப் பார்த்தேன். உரிமையாளர் இடத்தில் இன்னும் அப்பா பெயர். கைமாறியபோது யாருமே பெயர் மாற்றவில்லை.

விஷயத்தைப் போனில் சொன்னதும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "அப்போ சட்டப்படி நம்ம கார்தானேண்ணா? எதுக்குப் பணம் குடுக்கணும்?"

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. வண்டியை விற்றால் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவரும் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. எங்கள் அப்பா கடைசி மூச்சு வரை ஒரு தென்னந்தோப்புக் காருக்குப் பொறுப்பாளியாக இருந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். காகிதத்தில் அது அப்பாவின் கார். நியாயத்தில் பெரியவரின் கார். நான் கணக்கு வாத்தியார், கணக்காகவே சொல்கிறேன். அப்பாவிடம் 12 வருஷம், அவரிடம் 40 வருஷம். அவர் காசு கொடுத்து வாங்கினார், மழை படாமல் கொட்டகை போட்டார், இரும்புக்கடைக்குப் போடாமல் காப்பாற்றினார். அவர் கேட்ட ஐம்பதாயிரத்தை ஒரு பைசா பேரம் பேசாமல் கொடுத்தேன். டிக்கியில் இருபது தேங்காயை அடுக்கி வைத்து, லாரியில் ஏற்றும்வரை கூடவே நின்றார்.

ஜாமாகிப் போன எஞ்சினை மன்னார்குடி மெக்கானிக் ஒருவர் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பத்து நாளில் சுற்றவைத்தார். பிஸ்டன் ரிங், பிரேக்கின் வீல் சிலிண்டர்கள், வயரிங், பெட்ரோல் குழாய், டயர் எல்லாம் மாற்றியாயிற்று. சில சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. சில இங்கிலாந்திலிருந்து வந்தது, அங்கே ட்ரையம்ஃப் பிரியர்களுக்காக இன்றும் உதிரிப்பாகம் செய்கிறார்கள். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. உயிருக்குச் சம்பந்தப்பட்டது எதிலும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

தம்பி கேட்பது அதற்கு மேலே. பாடியைக் கழற்றி, கூரையை டிங்கரிங் செய்து நிமிர்த்தி, பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்பா காலத்து வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறான். ஒன்பது லட்சம் ஆகும் என்று விலைப்பட்டியலும் வாங்கிவிட்டான்.

பணம் அவனுடையது, சரி. ஆனால் அந்த ஒன்பது லட்சம் எதை அழிக்கப் போகிறது? பெரியவரின் நாற்பது வருஷத்தை, கஜாவை, நாலு ஆட்டை. அவர் கையில் அந்தக் கார் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் துடைத்துவிட்டு, "இது எங்க அப்பா கார்" என்று வாசலில் நிறுத்துவதா? எனக்கு அது ஏறக்குறையத் திருட்டு மாதிரிப் படுகிறது.

நீ இருக்கிற அமெரிக்காவிலேயே, கை வைக்காமல் அப்படியே பிழைத்து வந்த பழைய கார்களுக்குத் தனி மதிப்பு உண்டு தம்பி, கண்காட்சிகளில் தனிப் பிரிவே வைக்கிறார்கள். நம் அரசாங்கமும் 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், தினசரி ஓட்ட முடியாது. தினமும் ஓட்டி நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறேன்? மூல வடிவம் என்று எழுதியவருக்கு என் முழு மதிப்பெண்.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் அம்மாவைக் கேட்டேன். காரை விற்றபோது அப்பா ரொம்ப வருத்தப்பட்டாரா?

"வருத்தமா? வித்த அன்னிக்கு ராத்திரிதான் உங்கப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். பின் ஆக்சில் ரெண்டு தடவை உடைஞ்சு என் சங்கிலி சேட்டு கடையில இருந்துது" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். 1983 ஜூலை. கார் விற்ற வரவு 11,000. தம்பிக்குக் கல்லூரியும் ஹாஸ்டலும் 1,850. சங்கிலி மீட்டது 4,200. பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டர் 2,600. மெக்கானிக் பாக்கி 640. மீதி 1,710 தபால் ஆபீஸில். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்பா கணக்கு தப்பாது.

உன் பங்கு 1,850 ரூபாய் தம்பி. பெரிய பங்கு அம்மாவின் கழுத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. நாற்பது வருஷமாக நீ சுமந்த பாரத்தின் அளவு இவ்வளவுதான். பெற்றவர்கள் நமக்காகச் செய்ததை நாம் பெரிய தியாகக் கதையாக வளர்த்துக்கொள்கிறோம். பிறகு அந்தக் கடனைப் பெயின்ட் அடித்துத் தீர்க்கப் பார்க்கிறோம். அப்பா யோசித்து, கணக்குப் போட்டு, நிம்மதியாக விற்றார். அதை அவருக்கு நேர்ந்த நஷ்டமாக்குவது அவரைச் சின்னவராக்குவது.

பழைய வண்டியைத் தேடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். தேடுங்கள். பெற்றவர்கள் இருக்கும்போதே தேடுங்கள், விற்ற கதையை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். வைத்திருந்தவருக்கு உரிய மரியாதையும் விலையும் கொடுங்கள். பிரேக்கை மாற்றுங்கள். பள்ளத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது கார் அம்மா பெயருக்கு மாற வேண்டும். வாரிசுகள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவும் நானும் போட்டாயிற்று. கூரையை நிமிர்த்தச் சம்மதித்தால்தான் போடுவேன் என்று ஒருத்தன் மட்டும் மிச்சிகனில் உட்கார்ந்திருக்கிறான்.

சித்திரையில் பெரியவரின் பேத்திக்குக் கல்யாணம். பெண்ணழைப்புக்கு டாக்டர் வண்டி வருமா என்று கேட்டுப் போன் செய்தார். வரும் என்று சொல்லிவிட்டேன். பதிவு முடியவில்லை என்றால் மறுபடி லாரியில் ஏற்றியாவது கொண்டுபோய் நிறுத்துவேன். அவர்களுக்குத் தெரிந்தது பச்சை வண்டிதான், பச்சையாகவே போகட்டும்.

தம்பி, கையெழுத்தைப் போட்டு அனுப்பு. லீவு கிடைத்தால் கல்யாணத்துக்கு நீயும் வா.