கூரையை அண்ணாந்து பார்ப்போம்



நம் பள்ளிகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் நடைபெறும் கூட்டுத் துப்புரவுப் பணிகளைக் கவனித்து வருகிறேன். எல்லோருடைய கண்களும் தரையை நோக்கியே இருக்கின்றன. பூச்சட்டியின் அடித்தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடுகிறது. பிறகு மீகூனும் தேநீரும், ஒரு குழுப்படமும். கூரை விளிம்பில் தொங்கும் கால்வாயை, பேச்சுவழக்கில் ‘கட்டர்’ என்போமே, அதனை அண்ணாந்து பார்ப்பவர் அரிது.

அது அடைபடும் விதம் எளியது. மழைநீர் கூரையிலிருந்து மணலையும் தூசியையும் கொண்டு வருகிறது. அருகிலுள்ள மரத்தின் சருகுகள் அதன்மேல் படிகின்றன. நாளடைவில் எல்லாம் சேர்ந்து கரிய சேறாகிறது. அதன் பாரத்தால் கால்வாய் நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்து நீர் இறங்குகுழாயை நோக்கி ஓடாது. குழாயின் வாயில் குருவிக்கூடோ, பள்ளியாயின் பிள்ளைகள் அடித்த இறகுப்பந்தோ சிக்கியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. பிற்பகல் இடிமழையில் நீர் நிரம்பி, ஓட்டின் விளிம்புக்கு அடியில் புகுந்து உட்கூரைப் பலகையை நனைக்கிறது. பலகையில் பழுப்புக் கறையைக் கண்டதும், ஓடு உடைந்துவிட்டதென எண்ணி ஆளழைத்து ஓட்டை மாற்றுவோர் உண்டு. ஓடு நன்றாகத்தான் இருக்கும்.

ஒழுகலைப் பணம் செலவிட்டுச் சரிசெய்துவிடலாம். தேங்கிய நீரில் வளரும் ஏடிஸ் கொசுதான் என் கவலை. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் தாக்குப்பிடித்து, அடுத்த மழையில் பொரிக்கும். மேலும், அது பகலில் கடிக்கும் கொசு. நம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 182 பேர் உயிரிழந்தனர். புகையடித்தால் பறக்கும் கொசு சாகும். கூரைமேல் நீரில் நெளியும் புழு சாகாது.

தேவையில்லாத இடத்தில் கூரைக் கால்வாயே வேண்டாம் என்பது என் கருத்து. கூரை நன்கு வெளியே நீண்டு, கீழே சிமெண்டு வடிகாலும் இருந்தால் மழைநீர் நேரே அதில் விழட்டுமே! எனினும், கழற்றுமுன் நகராண்மைக் கழகத்தைக் கேட்டுவிடுங்கள். அண்டை வீட்டு எல்லையை ஒட்டிய வரிசை வீடுகளிலும் வாசற்படிக்கு மேலும் அதனை விடமுடியாது. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் ஐந்து கொசுத்தடுப்புச் செயல்களுள், கூரைக் கால்வாயை அடைப்பின்றி வைத்து, அதில் பிடிஐ எனும் புழுக்கொல்லியை இடுவதும் ஒன்று. நாம் ஏன் அதனை நம் துப்புரவுப் பட்டியலில் சேர்ப்பதில்லை?

கால்வாய் இருந்தே ஆகவேண்டுமெனில், இறங்குகுழாயை நோக்கி 10 மீட்டருக்குச் சில சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். தொய்ந்த தாங்கிகளை மாற்றாமல் சேற்றை மட்டும் அள்ளுவது வீண்வேலை. கையுறை அணிந்து சேற்றை வாளியில் அள்ளியபின், குழாயிலிருந்து தொலைவான முனையில் ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்தும் எங்கேனும் குட்டையாக நின்றால் அங்கே சரிவு பிழை. கடைகளில் விற்கும் வலைமூடியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இலையைத் தடுக்கும், நுண்மணலைத் தடுக்காது. உள்ளே இருப்பதையும் மறைத்துவிடும்.

மாதம் ஒருமுறை பார்ப்பது நன்று. நீண்ட விடுமுறைக்கு முன்னும், பள்ளி திறப்பதற்கு முந்திய வாரமும் கட்டாயம். ஏணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பெரிய மாணவர்களாயினும் அவர்களை ஏற்றக்கூடாது; “சின்னப் பையன், சட்டென்று ஏறிவிடுவான்” என்ற பேச்சே வேண்டாம். மாடிக் கட்டடமாயின் முறையான ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்வதே சரி. அந்தச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கலாம். மேடை அலங்காரத்திற்கு ஆகும் தொகையில் சிறு பகுதியே ஆகும்.

உங்கள் பள்ளியில் இதனை யார் பார்க்கிறார்கள்? கடைசியாகத் துப்புரவு செய்த நாள் பதிவேட்டில் இருக்கிறதா? அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.