ஆய்வகக் கருவி வாங்க இயக்குநருக்கே அதிகாரம்: உள்ளூர் கம்பெனிகளுக்கு என்ன ஆகும்?

கிழக்கேகோட்டையில் குதிரமாளிகையைப் பார்த்திருப்பீங்க. அதைக் கட்டிய சுவாதித் திருநாள்தான் 1837-ல் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தையும் தொடங்கினார். ஆனா கருவிகள் வாங்க, அதன் இயக்குநர் ஜான் கால்டிகாட் இங்கிலாந்துக்கே போக வேண்டியிருந்தது.

இன்னைக்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதிதான். இதில் அரசு விதிகள் வேறு. நாற்காலிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் ஒரே ஜெம் இணையதளம், குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். 2020-லிருந்து, 200 கோடி ரூபாய்க்குக் கீழே உலகளாவிய டெண்டருக்கும் தடை.

2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் இதைத் தளர்த்தியது. ஆய்வுக் கருவிகளை இயக்குநர்களும் துணைவேந்தர்களும் ஜெம்முக்கு வெளியே வாங்கலாம். 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கும் அவங்களே அனுமதி தரலாம். கொட்டேஷன் இல்லாத கொள்முதல் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது.

ஆய்வாளருக்கு நிம்மதி. ஹைதராபாத்தின் எலிகோ மாதிரி பல பத்தாண்டுகளாக பிஎச் மீட்டர், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் செய்யும் கம்பெனிகளுக்கு? ஜெம்மில் அவங்க மலிவு நகல்களோடு மோதினாங்க. இனி தரத்தைக் காட்டி நேரடியாக விற்கலாம். ஆனா இயக்குநர் பழகிய வெளிநாட்டு பிராண்டுக்கே போனால், அடுத்த மாடலுக்கான ஆராய்ச்சிப் பணம் இவங்களுக்கு எங்கிருந்து வரும்? முதல் பத்து கருவிகளை நம்பி வாங்கிப் பிழை சொல்லும் ஆய்வகம் இல்லாமல் எந்தக் கருவியும் தேறாது.

வரி இன்னொரு தலைவலி. அரசு ஆய்வகங்களுக்கான 5% சலுகை ஜிஎஸ்டி 2022 ஜூலையில் போய், பெரும்பாலான கருவிகளுக்கு 18% ஆனது. புது விதி அதைத் தொடவே இல்லை.