சால்வை விலையைப் பார்த்து ஆடு வாங்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் சபாக்களில் கழுத்துக்கு மஃப்ளரும் தோளுக்குச் சால்வையுமாகக் கூட்டம் சேரும். தியாகராய நகர்க் கடைகளிலும் கம்பளி ஆடைகள் வெளியே வந்து தொங்கும். சந்தைக்கு வந்து திரும்பும் செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயி, பஷ்மினா சால்வை ஒன்றின் விலையைக் கேட்டதும் திகைக்கிறார். 'இதுவும் ஆட்டு ரோமம்தானே, நாமும் அந்த ஆட்டை வளர்த்தால் என்ன?' என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், பணத்தை இறக்குமுன் சற்று யோசிக்க வேண்டும்.

பஷ்மினா தருவது லடாக்கின் சாங்தாங் பகுதி வெள்ளாடு. கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் அதிக உயரம். பனிக்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். அந்த ஆட்டுக்கு மேலே முரட்டு முடி, அடியில் 12 முதல் 15 மைக்ரான் கனமே உள்ள மெல்லிய பஞ்சு ரோமம். கோடை தொடங்கும்போது அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 250 கிராம் கிடைத்தால் பெரிது. முரட்டு முடியை நீக்கினால் அதில் பாதிகூட மிஞ்சாது. ஒரு சால்வைக்கு இரண்டு, மூன்று ஆடுகளின் ரோமம் வேண்டும். நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'பஷ்மினா' பெரும்பாலும் செயற்கை இழையே.

இந்த ரோமம் வளர்வதற்கு அந்த இனத்தின் பிறவிக் குணமும், பகல் பொழுது குறைவதும் முக்கியக் காரணங்கள். லேயில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் நாலரை மணி நேரம். சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். அடையாற்றங்கரையின் புழுக்கத்தில் அந்த ஆடு ரோமம் தருவது இருக்கட்டும், உயிரோடு தேறுவதே கடினம்.

சொந்த மண்ணிலும் அந்த ஆடு வளர்ப்போரின் வாழ்வு எளிதல்ல. பனிக்காலத்தின் கடைசியில் குட்டிகள் பிறக்கும். 2012-13 பனிக்காலத்தில் பெரும் பனி பெய்து மேய்ச்சல் நிலம் மூடிக்கொண்டது. இருப்புத் தீவனம் போதவில்லை. ஆயிரக்கணக்கான குட்டிகள் மடிந்தன. உயர்ந்த விலையுள்ள ரோமம் குட்டிகளைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கக் கூடியது சேமித்த தீவனமே.

நம் மாநிலத்தில் குளிருக்கு ஏற்ற ரோம இனம் நீலகிரிச் செம்மறி. சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆயினும் மலையிலேயே அதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதைச் சமவெளிக்குக் கொண்டுவருவதும் வீண் முயற்சியே.

சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் சொந்த இனம் மெட்ராஸ் சிவப்புச் செம்மறி. ரோமம் இல்லை, இறைச்சிக்கு உகந்தது. இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இதுபற்றி ஆலோசனை கேட்கலாம். இங்கே ஆட்டுக்கு எதிரி உறைபனி அல்ல; ஐப்பசி, கார்த்திகையின் ஈரமும் அதையடுத்து வரும் மார்கழிப் பனியும்தான். ஈரத்தரையில் படுத்த குட்டிக்குச் சளி பிடிக்கிறது, குளம்பு அழுகுகிறது. மழைக்காலத்தில் கடிக்கும் சிறு பூச்சிகளால் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் பரவுகிறது.

எனவே, புது இனம் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் கொட்டிலின் தரையை உயர்த்துங்கள். முடிந்தால் பரண் அமையுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் தட்டி கட்டுங்கள். மழைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பூசி போடுங்கள். நிலக்கடலைக் கொடியைக் காயவைத்து உயரத்தில் அடுக்குங்கள். வரப்பில் அகத்தி நடுங்கள். புல்லில் பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். ஈரப்புல்லோடு குடற்புழு உள்ளே போகும்.

இவற்றில் எதற்கும் சால்வையின் பளபளப்பு இல்லை. ஆனால் தை மாதம் பட்டியைத் திறந்து எண்ணும்போது குட்டிகள் குறையாமல் நின்றால், சிறு விவசாயிக்கு அதுவே நிச்சயமான இலாபம்.