பின் படுக்கையில் கிடப்பவரும் வேலையில்தான் இருக்கிறார்

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விஷயத்தில் இந்த இதழ் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கனரக வண்டிகளில் அதைக் கட்டாயமாக்கும் உத்தரவின் பக்கம். 2025 அக்டோபர் 1-இல் முதல் கட்டம் தொடங்கியபோது சொன்னதுதான், இன்றும் அதில் மாற்றமில்லை. கனரக வண்டிக்கு மணிக்கு 90 கிலோமீட்டர் போதும். 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி எஃப்ஆர்யு போலீஸ் வீரர்கள் 9 பேர் போனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9-இல் கெரிக்கில் பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் வண்டியின் வேகத்தை ஓட்டுநரின் காலுக்கே விட்டுவிட வேண்டும் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. கருவியை எங்கே பொருத்துவது, சான்றிதழை யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் பட்டறைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதில் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

என் கவலை வேறு. சிரம்பானிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் ஏறக்குறைய 550 கிலோமீட்டர். முன்பு 110-இல் விரட்டிப் போனவர் இப்போது 90-க்குள் போனால் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடும், போய் வர இரண்டு மணி நேரம். சரக்கு கொடுப்பவர் நேரத்தைத் தளர்த்த மாட்டார். டிரிப் காசும் ஏறாது. அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால் கிடைக்கும். நிறுத்தாமல் ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ‘இனி வடக்கு டிரிப்புக்கு ரெண்டு டிரைவர் போட்டுடலாம்ணே, பிரச்சினை தீர்ந்தது’ என்று என்னிடமே சொன்ன மேற்பார்வையாளர்கள் உண்டு. இரண்டாவது ஆளாக யாரைப் போடுவீர்கள் என்று கேட்டேன். புதிதாக ஜிடிஎல் (சரக்கு வண்டி உரிமம்) எடுத்த பையன்களை என்றார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பங்கு குறைவு.

அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இருவர் ஓட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்த, பத்து வருடம் ஓட்டிய இரண்டு பேர் சேர்ந்தால் அது நல்ல ஏற்பாடு. தூர எக்ஸ்பிரஸ் பேருந்துகளுக்கு இரண்டாவது ஓட்டுநர் வேண்டும் என்று நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் புதியவரை அந்தப் படுக்கையில் போடும்போது என்ன நடக்கிறது என்பது அதில் கிடந்தவருக்குத்தான் தெரியும்.

நான் கிடந்திருக்கிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்த மறு வருடம், 1995. லிங்சும் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை விட்டு வந்து, கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் இரண்டாவது ஆளாக ஏறினேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு முழம் அகலப் பலகை, மேலே ரெக்சின் உறை கிழிந்த மெத்தை. வியர்வையும் தலைவலித் தைலமும் கலந்த வாடை. தலைமாட்டில் கியர் மாற்றும் சத்தம், கால்மாட்டில் ஏர் பிரேக் ‘புஸ்’ என்று இறங்கும் சத்தம். மூத்தவர் நல்ல ஓட்டுநர்தான், ஆனால் அவருடைய கால் என் கால் இல்லையே. அவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் என் உடம்பு விழித்துக்கொள்ளும். கண் மூடியிருக்கும், பாதம் மட்டும் இல்லாத பெடலைத் தேடி அழுத்தும். இதை நம்மில் பலர் செய்திருப்போம்.

பகலில் கெலிண்டான் (உதவியாள்) வேலையும் என்னுடையதுதான். தார்ப்பாய் இழுப்பது, கயிறு கட்டுவது, வெயிலில் காகிதத்தோடு வரிசையில் நிற்பது. நான் யார்டில் நிற்கும் நேரத்தில் மூத்தவர், நின்ற வண்டியில், அசையாத பலகையில் தூங்குவார். அவருக்குக் கிடைத்தது தூக்கம். எனக்குக் கிடைத்தது ஓடும் வண்டி. திரும்பி வரும்போது இரவு இரண்டு மணிக்கு சுங்கை பேராக் ஓய்விடத்தில், ‘தம்பி, எழுந்து பிடி’ என்றார். முகம் கழுவி, ஒரு காப்பி குடித்து, சக்கரத்தைப் பிடித்தேன். எழுந்ததிலிருந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேட்டில் ஏறும்போது மெனோரா சுரங்கப்பாதையின் விளக்கு கண்ணில் பட்டது நினைவிருக்கிறது. அதைக் கடந்து போனது நினைவில் இல்லை. ஜெலாப்பாங் இறக்கத்தில் எஞ்சின் அலறியபோதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. பின்னால் ஏற்றிய சரக்கோடு நாங்கள் இருவரும் பிழைத்தது எங்கள் திறமையால் அல்ல. மூத்தவரிடம் அதை நான் சொல்லவே இல்லை. சொன்னால் மறு டிரிப்புக்கு வேறு பையன் வந்திருப்பான்.

தூக்கத்திலிருந்து எழுந்த முதல் அரை மணி நேரம் மூளை பாதிதான் விழித்திருக்கும் என்பதும், இரவு இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பே தூக்கத்தின் பக்கம் சாயும் என்பதும் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாடம். இந்த இரண்டும் ஒன்றாக விழும் நேரத்தில்தான் புதியவர் கையில் சக்கரம் வருகிறது. இரவு ஓட்டம் இளையவருக்கு, பகல் ஓட்டம் மூத்தவருக்கு என்பது யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. ‘அண்ணே, எனக்குக் கண்ணைக் கட்டுது’ என்று சொல்ல முதல் மூன்று மாதம் எந்தத் தம்பிக்கும் வாய் வராது. இதைப் ‘பயிற்சி ஓட்டம்’ என்று எழுதுகிறார்களே, அதுதான் என்னைச் சுடுகிறது. கற்றுக் கொடுப்பவர் தூங்கும்போது கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார். இதில் யார் யாருக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறார்?

இனி சட்டத்துக்கு வருவோம். 1955 வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவை நாம் அனைவரும் ஓய்வு நேரத்துக்காக மட்டும் புரட்டுகிறோம்: ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்கு அரை மணி நேர ஓய்வு, நாளுக்கு எட்டு மணி நேரம், இடைவெளி சேர்த்து பத்து மணி நேரத்துக்குள். அதே பிரிவின் கடைசியில் வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் தன் நடமாட்டத்தையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் அனைத்தும் வேலை நேரம். சரக்கு லோரி ஓட்டுநருக்குச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இப்போது சொல்லுங்கள், தாப்பாவுக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவில் 90-இல் ஓடும் வண்டியின் பின் படுக்கையில் கிடப்பவர் தன் நடமாட்டத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியுமா? இறங்க முடியுமா? வீட்டுக்குப் போக முடியுமா? என் வாசிப்பில் அவர் வேலையில்தான் இருக்கிறார். அந்த நேரம் ஓய்வுக் கணக்கில் சேராது. சட்டத்தின் சொற்கள் இதைத்தான் சொல்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறை இதை மழுப்பாமல் சொல்கிறது. இருவர் ஓட்டத்தில் 30 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் 9 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். வண்டியில் படுத்தால் வண்டி நின்றிருக்க வேண்டும். 45 நிமிட இடைவேளையை மட்டும் ஓடும் வண்டியில் கழிக்கலாம். அமெரிக்காவில் ஓடும் வண்டியின் படுக்கையையும் ஓய்வாக ஏற்கிறார்கள், ஆனால் அந்தப் படுக்கைக்கு அளவும் தரமும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் தேசியப் பெர்மிட் லோரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும், இருக்கைக்குப் பின்னால் ஒருவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மோட்டார் வாகன விதி இருந்தது. நாமக்கல் வண்டிகள் டெல்லி வரை அப்படித்தான் போய் வந்தன. 2018 நவம்பரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா தவறா என்பது அவர்கள் பாடு. ஆனால் அங்கே இரண்டாவது மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை விதி ஒரு காலத்திலாவது கண்டு எழுதியது. நம் கருவி உத்தரவு வண்டியைப் பற்றி எல்லாவற்றையும் பேசுகிறது. வண்டிக்குள் இருக்கும் இரண்டாவது மனிதரைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் விழுந்த நேரத்திலிருந்து நாள் கணக்கு. தோட்ட நிர்வாகத்தின் மேல் நமக்கு ஆயிரம் மனக்குறை உண்டு, ஆனால் எங்கள் அப்பாவின் பெயரைத் தினமும் ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டார். லோரியின் பின் படுக்கையில் கிடக்கும் பையனின் பெயரை யார் கூப்பிடுகிறார்கள்? சாலையில் நிறுத்தும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி எடையைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், ஜிடிஎல்லைப் பார்க்கிறார், இனி கருவிச் சான்றிதழையும் பார்ப்பார். ‘நின்ற வண்டியில் நீ கடைசியாக எப்போது தூங்கினாய்?’ என்று தன்னைக் கேட்டதாக ஒரு ஓட்டுநரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. வேலை நேரம் மனிதவள அமைச்சின் வேலை என்பார்கள். தொழிலாளர் அதிகாரி இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலைக்கு வருவதில்லை. இரண்டு அமைச்சுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்தப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள்.

சரி, நிறுத்தித் தூங்கு என்று சொல்கிறோம். எங்கே நிறுத்த? இரவு பத்துக்கு மேல் சிரம்பான் ஓய்விடத்தையோ பெடாஸ் லிங்கியையோ போய்ப் பாருங்கள். லோரி நிறுத்துமிடம் நிரம்பி, வெளியேறும் பாதையின் ஓரம்வரை டிரெய்லர்கள் நிற்கும். அவசரத் தடத்தில் நிறுத்தினால் சம்மன். கார்களுக்கு உணவுக்கடை கட்டிய வேகத்தில் லோரிகளுக்கு ஒரு இருட்டான, அமைதியான நிறுத்துமிடம் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2008-இலிருந்து 2013 வரை நம் ராசா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், இன்று பக்கத்துச் சிரம்பானுக்கு உறுப்பினர். இந்தத் தொகுதிகளின் தாமான்களில் லோரி ஓட்டுநர் குடும்பங்கள் எத்தனை என்பது அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. கருவியைப் பூட்ட அவர் காட்டிய உறுதியை இதிலும் காட்ட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். இருவர் ஓட்டத்தில் இரண்டாவது ஆளுக்கு நின்ற வண்டியில் ஓய்வு வேண்டும். ஜிடிஎல் எடுத்து முதல் ஆறு மாதம் இரவு ஓட்டத்தைத் தனியாக அவர் கையில் விடக்கூடாது. இந்த இரண்டையும் பெர்மிட் நிபந்தனையில் எழுதுங்கள். பெர்மிட்டில் எழுதாததை எந்தக் கம்பெனியும் படிப்பதில்லை.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். மேற்பார்வையாளர்களே, உங்கள் டிரிப் ஷீட்டில் ஒரு கட்டத்தைக் கூட்டுங்கள்: இரண்டாவது ஓட்டுநர், வண்டி நின்ற இடம், நின்ற நேரம், கிளம்பிய நேரம். ஓட்டுபவர் மாறும்போது எழுந்தவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். யார்டில் தார்ப்பாய் இழுத்தவரை அன்றிரவு முதல் ஓட்டத்தில் போடாதீர்கள். பயிற்சியாளர்களே, பையன்களிடம் முதல் நாளே சொல்லுங்கள், ‘கண்ணைக் கட்டுது’ என்பது அண்ணனை அவமதிக்கும் வார்த்தை அல்ல என்று.

மூன்று மாத டிரிப் ஷீட்டுகளின் நகலை, ஓட்டுநர் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்து, இந்த இதழின் ராசா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கட்டுக் கட்டாகச் சேர்த்து நானே புத்ராஜெயாவுக்குக் கொண்டு போகிறேன்.