உழைப்பாளர் வெள்ளியில் வளர்ந்த ஒரு துறை

"ஆசியவியல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" தேர்வு முடிவுகள் வந்து, பல்கலைக்கழக விண்ணப்பங்களை நிரப்பும் மாதங்களில் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் யாரும் கேட்பதில்லை. தெற்காசிய ஆய்வு, இந்திய ஆய்வியல், தென்கிழக்காசிய வரலாறு என்று பிள்ளை சொன்னால்தான் மேசையில் அமைதி நிலவும்.

கேள்வி நியாயமானதுதான். கல்விக் கட்டணம் சும்மா வருவதில்லை. ஆனால் அந்தத் துறைக்கும் நமக்கும் உள்ள பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது நல்லது.

ஆசியாவைப் படிப்பது என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த வேலையல்ல. நம் புலவர்களும் சீன யாத்திரிகர்களும் அராபிய வணிகர்களும் அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கல்வித்துறையாக அது உருவெடுத்தது காலனி ஆட்சிக் காலத்தில். 1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ் ஒரு நீதிபதி. உள்ளூர்ச் சட்டம் தெரியாமல் தீர்ப்பு எழுத முடியாது. அதற்கு மொழி வேண்டும், நூல் வேண்டும். அறிவு ஆர்வமும் ஆட்சித் தேவையும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. அந்தக் கழகத்தில் இந்தியர்கள் உறுப்பினராக 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே சிங்கப்பூரில் 1877இல் தொடங்கிய நீரிணை ஆசியக் கழகத்தின் தொடக்கமும் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகள் கையில்தான்.

அதனால் அவர்கள் செய்தது எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து. ஆனால் எல்லிஸின் பக்கத்தில் பட்டாபிராம சாஸ்திரி, சங்கரையா போன்ற உள்ளூர் அறிஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய இலக்கண அறிவு இல்லாமல் அந்த முடிவு இல்லை. பெயர் நின்றது ஒருவருக்கு, உழைப்பு பலருடையது. கீழைத்தேயவியல் என்ற பழைய துறையின் குணம் இது: ஆராய்பவர் ஒரு பக்கம், ஆராயப்படுபவர் மறு பக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துறையின் மையம் அமெரிக்காவுக்கு நகர்ந்தது. பழைய ஏடுகளை மட்டும் படித்தால் போதாது, இன்றைய அரசியலும் பொருளாதாரமும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் ஆசிய மொழிகளும் அமெரிக்க வகுப்பறைக்குள் நுழைந்தன. கல்விச் சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருந்ததைக் கவனியுங்கள். பழைய கதையில் ஆட்சித் தேவை. புதிய கதையில் பனிப்போர்த் தேவை.

இதே காலத்தில் நம் மண்ணில் வேறொரு கதை நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி வந்தபோது, ஆலோசனை கூற வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். அவர் சோழர் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர். தமிழை அறியாதவர் அல்லர். இந்தியவியல் என்றால் சமஸ்கிருதம் என்பது அன்றைய உலகப் பல்கலைக்கழகங்களின் வழக்கம்.

ஆனால் இங்கே வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழ்வேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் தமிழுக்காக வாதாடினார். எழுதியதோடு நிற்கவில்லை. துறைக்கு ஒரு தமிழ் நூலகம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. தமிழ் அங்கே இடம் பெற்றது.

இதன் பொருளைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். உலகின் பல இடங்களில் ஆசியவியல் அரசாங்கப் பணத்தில் வந்தது. இங்கே அதன் ஒரு பகுதி, ஆராயப்படும் மக்களே கொடுத்த வெள்ளியில் வளர்ந்தது. "எங்களைப் பற்றிப் படிக்கிறீர்களா? எங்கள் மொழியில் படியுங்கள்" என்று கூலித் தொழிலாளியும் சேர்ந்து சொன்னதாகத்தான் அதைக் கொள்ள வேண்டும்.

அந்த விதை வீண் போகவில்லை. துறை கோலாலம்பூருக்குச் சென்றது. 1961இல் இலங்கையைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள் அதன் பொறுப்பை ஏற்றார். 1964இல் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்கக் காரணமானார். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. சென்னையில் அல்ல, யாழ்ப்பாணத்தில் அல்ல, இங்கே. துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்திருந்த அடிகள், அதையும் அதே ஆண்டில் இங்கிருந்தே மறுபதிப்பாக வெளியிட்டார்.

உலக அரங்கிலும் காற்று மாறியது. 1873இல் பாரிசில் தொடங்கிய கீழைத்தேயவியலாளர் மாநாடு, சரியாக நூறு ஆண்டு கழித்து அதே பாரிசில் அந்தப் பெயரைக் கைவிட்டது. 1978இல் எட்வர்ட் சைத் எழுதிய நூல், கிழக்கைப் பற்றி மேற்கு எழுதியதில் எவ்வளவு அதிகாரம் கலந்திருந்தது என்று கேட்டது. அதன்பின் யாரும் பழையபடி கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியவில்லை.

இந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் பற்றிப் பேசும்போது, 'நம்மவர் வந்து நாகரிகம் கொடுத்தார்கள்' என்று சொல்ல நமக்கு ஆசை. கல்கத்தா அறிஞர்கள் சிலர் 1920களில் 'பெரும் இந்தியா' என்று இதையே சொன்னார்கள். தென்கிழக்காசியர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்து, தம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. சிங்கப்பூரில் 1968இல் தொடங்கிய தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம், ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பு பற்றி 2009இல் ஒரு நூலை வெளியிட்டது. தமிழ்க் கல்வெட்டுகளோடு சீன ஆவணங்களும் தென்கிழக்காசியச் சான்றுகளும் அதில் சேர்ந்து பேசுகின்றன. நம் பெருமை அதில் குறையவில்லை. தனியாகக் கொண்டாடிய வெற்றி, அண்டை வீட்டாருக்கும் பங்குள்ள வரலாறாகிவிட்டது. மலாய்க்காரரும் சீனரும் பக்கத்தில் வாழும் நாட்டில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். என்ன வேலை? வெளியுறவு, இதழியல், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், கற்பித்தல், வணிக ஆலோசனை என்று வழிகள் உண்டு. இரண்டு ஆசிய மொழிகளை ஆழமாக அறிந்து, ஒரு சமூகத்தின் போக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த வட்டாரத்தில் மதிப்பு இருக்கிறது. ஆனால் சம்பளம் உடனே உயரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். விருப்பம் இல்லாத பிள்ளையை இதில் தள்ளவும் கூடாது. விருப்பத்தோடு வரும் பிள்ளையை, ஏளனத்தால் மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். மாணவர் இல்லாத துறையை எந்தப் பல்கலைக்கழகமும் நெடுநாள் வைத்திருக்காது. துறை மூடினால் கேள்வி மறைந்துவிடாது. நம்மைப் பற்றி வேறு யாரோ, வேறு மொழியில், தம் தேவைக்கு எழுதுவார்கள்.

வேறு வேலையில் இருக்கும் இளையருக்கும் ஒரு பங்கு உண்டு. தாத்தாவின் கப்பல் டிக்கெட், தோட்டத்துச் சம்பள அட்டை, சங்கக் கூட்டக் குறிப்பேடு, பழைய திருமண அழைப்பிதழ் எல்லாம் நாளைய ஆய்வாளருக்குச் சான்று. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். தூக்கி எறியும் முன் தேசிய நூலகத்தையோ, பல்கலைக்கழக நூலகத்தையோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாட்டி இருக்கும்போதே அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதி வையுங்கள்.

எழுபது ஆண்டுக்கு முன் கையில் அதிகம் இல்லாதவர்கள் இதற்காக வெள்ளி கொடுத்தார்கள். நம்மிடம் இன்று கேட்கப்படுவது அதைவிடக் குறைவு.