புத்தூர் மணப்பெண்

முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் நம் போன்ற முதியவர்களின் இல்லங்களில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் குவிந்துவிடும். முன்பெல்லாம் உறவினர் இல்லத் திருமணம் என்றால் மூன்று நாள்கள் அங்கேயே தங்குவோம். இன்றைய பிள்ளைகள் தாலி கட்டும் நேரத்துக்குக் காரில் வந்து இறங்கி, பந்தியில் அமர்ந்து, தாம்பூலப் பையுடன் திரும்பிவிடுகிறார்கள். பேரக்குழந்தைகளுக்கு யார் பெரிய பாட்டி, யார் அத்தை என்பதும் தெரிவதில்லை. போகும் வழியில் உள்ள திருத்தலங்களும் தெரிவதில்லை. ஆகவே திருமணத்தை ஒட்டி ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதை விட்டுவிடக் கூடாது என்பது அடியேனின் கட்சி.

சென்ற ஆவணியில் என் அக்காளின் பேத்திக்கு மயிலம் முருகன் சந்நிதியில் திருமணம். முதல் நாள் மாலை திண்டிவனத்தில் பெண் அழைப்பு. நானும் என் மனைவியும், மகளும், அவள் குழந்தைகள் மூவரும் விடியற்காலையிலேயே தாம்பரத்திலிருந்து புறப்பட்டுவிட்டோம். மூத்தவள் பதினொரு வயதுப் பேத்தி. மற்ற இருவரும் பையன்கள். செஞ்சிக் கோட்டைக்குப் போக வேண்டும் என்று பையன்கள் வழி முழுவதும் நச்சரித்தார்கள். 2025 ஜூலையில் அக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. கோட்டைக்கு நாளை போகலாம், இன்று திருவெண்ணெய்நல்லூர் என்றேன்.

திண்டிவனத்தில் சிற்றுண்டி அருந்தும்போது இதைக் கேட்ட அக்காளின் முகம் மாறிவிட்டது. "கல்யாண வீட்டிலிருந்து கிளம்பி, கல்யாணம் நின்றுபோன ஊருக்கா போவார்கள்?" என்றாள்.

அவள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் நிச்சயமாகி, அழைப்பிதழும் அச்சான பிறகு சம்பந்தம் முறிந்துவிட்டது. (அக்காளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) அன்று முதல் அந்த வீட்டில் "நின்றுபோனது" என்ற சொல்லைக்கூட யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டாண்டுகளில் நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

"அக்கா, அந்தக் கோயிலில் அம்பாளின் திருநாமம் மங்களாம்பிகை. மங்களத்தையே பெயராகக் கொண்டவளைத் தரிசித்துவிட்டு வந்தால் என்ன குறை வந்துவிடும்?" என்று மட்டும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. நாங்கள் புறப்பட்டோம்.

விழுப்புரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். அம்பிகை வெண்ணெயால் கோட்டை கட்டி, அதனுள் தீ வளர்த்துத் தவம் செய்தாள். அதனால் ஊருக்கு இப்பெயர் என்கிறது தலவரலாறு. தீயருகில் வெண்ணெய் உருகாதா என்று சின்னவன் கேட்டான். உருகாததால்தான் அது தவம் என்று அவன் பாட்டி சொன்னாள். எனக்கு அந்த விடை தோன்றியிருக்காது. சைவ சித்தாந்த முதல்வரான மெய்கண்டார் வாழ்ந்ததும், கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று போற்றப்படுவதும் இத்தலமே. கோயிலுக்கு அருட்டுறை என்று பெயர். சுவாமி கிருபாபுரீசுவரர், தடுத்தாட்கொண்ட நாதர் என்றும் அழைப்பர்.

தரிசனம் முடிந்து, வழக்கு தீர்த்த மண்டபம் என்று காட்டப்படும் இடத்தருகே குழந்தைகளை அமர்த்திக் கதையைச் சொன்னேன். திருநாவலூரில் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையை நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டு வாங்கி வளர்த்தார் என்பதிலிருந்து தொடங்கினால் குழந்தைகள் எழுந்து ஓடமாட்டார்கள். அந்தக் குழந்தைதான் நம்பியாரூரர் என்னும் சுந்தரர். அவருக்குப் புத்தூர் சடங்கவி சிவாசாரியாரின் மகளைப் பேசி முடித்தார்கள். மணநாளில், குடையும் தண்டும் ஏந்திய முதியவர் ஒருவர் பந்தலுக்குள் வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது" என்றார். மாப்பிள்ளை அவரைப் பித்தர் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்துவிட்டார்.

இதன் பிறகு நடந்ததை நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர்கள் மிகவும் ரசிப்பார்கள். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு இவ்வூர் அவைக்கு வருகிறது. ஓர் அந்தணன் மற்றோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்று அவையோர் முதலில் வினவுகிறார்கள். பிறகு மூல ஓலையை வாங்கிப் படிக்கிறார்கள். அதோடு விடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்திருக்கிறது. மாப்பிள்ளை தோற்றார். வழக்கில் வென்ற முதியவரிடம் "இவ்வூரில் உம் வீடு எது?" என்று அவர்கள் கேட்க, அவர் நேரே அருட்டுறைக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார். ஏசிய அதே "பித்தா" என்ற சொல்லையே முதலாக வைத்துச் சுந்தரர் பாடத் தொடங்கியது இங்கேதான்.

பையன்களுக்குப் பரம திருப்தி. ஓலையைக் கிழித்த இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். பேத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, பந்தலில் இருந்த அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று?"

நாம் இக்கதையைச் சொல்லும்போது அந்தப் பெண்ணைப் பந்தலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். உபந்நியாசங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சேக்கிழார் பெருமான் விட்டுவிடவில்லை. தம்மை மணக்க வந்த கோலத்திலே கண்ட நம்பியையே அவள் நினைந்திருந்தாள். அந்த நினைவாலேயே பிறர் அடைதற்கரிய சிவலோகத்தை எளிதாக அடைந்தாள் என்று தடுத்தாட்கொண்ட புராணத்தில் பாடியிருக்கிறார். சுந்தரர் பல தலங்கள் நடந்து, பாடி, பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்து, இறுதியில் வெள்ளை யானை ஏறிக் கயிலை சென்றார். இவளோ எங்கும் செல்லவில்லை. இருந்த இடத்திலிருந்தே, அவருக்கு முன்பே அடைந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு ஊரார் "நின்றுபோனவள்" என்று பெயர் வைத்திருக்கலாம். புராணம் அப்படி வைக்கவில்லை.

"அப்படியானால் அவள் அழவில்லையா?" என்று பேத்தி விடவில்லை. அழுதிருப்பாள் அம்மா என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அந்தப் புத்தூர், கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிப் பக்கம், இன்றும் இருக்கிறது. ஊருக்குப் பெயரே மணம் தவிழ்ந்த புத்தூர். மணம் தவிர்ந்த என்பதுதான் மக்கள் நாவில் அப்படித் திரிந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தும் அவ்வூரார் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வூர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மணங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த அழைப்பிதழ்களில் எல்லாம் ஊர்ப்பெயர் அப்படித்தானே அச்சாக வேண்டும்! இதை அக்காளிடம் சொல்ல வேண்டும் என்று மனத்தில் முடிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் விழுப்புரத்தைக் கடக்கும்போது என் மனைவி கைகூப்பினாள். காஞ்சி மகா பெரியவர் 1894 மே 20 அன்று பிறந்த ஊரல்லவா! அவர் படித்தது திண்டிவனத்தில், அமெரிக்க மிஷன் பள்ளியில். அவர் குடும்பம் மேற்கொண்ட ஒரு பயணமும் பேத்தியின் கேள்விக்கு அருகில் நிற்பதுதான். 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் சகோதரியின் ஒரே மகன் சந்நியாசம் ஏற்றுப் பீடத்தில் அமர்ந்தான் என்றறிந்து, அவளைத் தேற்றுவதற்காக அந்தத் தாய் குழந்தைகளுடன் திண்டிவனத்திலிருந்து ரயிலில் காஞ்சிபுரம் சென்றார். தந்தை அப்போது அலுவல் காரணமாக வெளியூரில் இருந்தார். காஞ்சியில் மடத்து வண்டி ஒன்று வந்து, பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் தனியே கலவைக்கு அழைத்துச் சென்றது. இனி வீடு திரும்புவது இராது என்பது வழியில்தான் அவனுக்குச் சொல்லப்பட்டது. பிப்ரவரி 13 அன்று அவன் பீடாதிபதி. அக்காள் தங்கை இருவரில் ஆறுதல் சொல்ல வந்தவருக்கே ஆறுதல் வேண்டியதாயிற்று. உலகுக்கு ஜகத்குரு கிடைத்த நாளை நாம் கொண்டாடுகிறோம். திண்டிவனத்து வீட்டுக்கு ஒரு பிள்ளை குறைவாகத் திரும்பிய அந்தத் தாயை எத்தனை பேர் நினைக்கிறோம்?

மாலையில் பெண் அழைப்பு சிறப்பாக நடந்தது. இரவு உணவுக்குப் பிறகு அக்காள் என் பேத்தியை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டு, "காலையில் எங்கே போனீர்கள்?" என்று கேட்டாள். நான் தடுப்பதற்குள் குழந்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிழித்த ஓலை, ஒத்துப் பார்த்த எழுத்து, பந்தலில் இருந்த பெண், அவள் போய்ச் சேர்ந்த இடம், ஊரின் பெயர், எதுவும் மிச்சமில்லை. மணப்பெண்ணும் மருதாணி காயும் கைகளுடன் எதிரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அக்காள் என்னைப் பார்த்து, "அவள் பெயர் என்ன?" என்றாள்.

சேக்கிழார் பெயர் சொல்லவில்லை, சடங்கவியாரின் மகள் என்றுதான் சொல்கிறார் என்றேன். "இவ்வளவு சொன்னவர் அதையும் சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்காள். மணப்பெண் சிரித்துவிட்டாள். இரண்டாண்டுகளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை மயிலம். சூரபத்மன் முருகனுக்கு வாகனமாகும் பேறு வேண்டி மயில் வடிவ மலையாக நின்று தவம் செய்த இடம் என்பது தலபுராணம். பொம்மபுர ஆதீனத்தின் நிருவாகத்தில் உள்ள கோயில். வள்ளி தெய்வயானையுடன் பெருமான் திருமணக் கோலத்தில் எழுந்தருளியிருப்பதால் முகூர்த்த நாள்களில் மலை முழுவதும் மணமக்கள்தாம். எந்த நாதசுரம் நம் வீட்டுக்கு உரியது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேலே செல்ல வண்டிப் பாதையும் இருக்கிறது. இருள் பிரியுமுன் சென்றுவிடுங்கள். நேரம் ஆக ஆக நிற்கவும் இடம் இராது.

மாங்கல்ய தாரணம் நல்லபடி முடிந்து, மணமக்கள் பெயரில் அர்ச்சனை செய்ய அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்காள் இரண்டு பெயர்களையும் சொன்னாள். பிறகு தயங்கி, "புத்தூர்ப் பெண் ஒருத்தி, அவள் பேருக்கும் ஒன்று" என்றாள். நட்சத்திரம் என்ன என்றார் அவர். தெரியாதே என்றாள். "பரவாயில்லை, சுவாமி பேருக்கே செய்துவிடுகிறேன்" என்று சொல்லி அவர் உள்ளே திரும்பினார்.

பையன்களுக்குக் கொடுத்த வாக்குப்படி விருந்து முடிந்து செஞ்சிக்குச் சென்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் ராஜகிரியில் ஏற முடியவில்லை. மலையேற எண்ணுபவர்கள் காலையிலேயே சென்றுவிட வேண்டும். கீழே பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் மண்டபத்துக்குக் கல்யாண மகால் என்று பெயர் என்றதும், "இங்கே யாருக்குக் கல்யாணம் நின்றது?" என்று கேட்டான் சின்னவன். குரங்குகள் மிகுதி, தாம்பூலப் பையை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.