பழுது எங்கே?

பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டால் நம் நாட்டில் முதலில் அரங்கேறுவது உதைப்படலம். கிக்கரை உதைப்பார்கள், மூச்சு வாங்கும் வரை உதைப்பார்கள். அடுத்தது சாய்ப்புப்படலம். வண்டியைத் தரையில் படுக்கப் போடுவதுபோலச் சாய்த்து, நிமிர்த்தி, மீண்டும் உதைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் தள்ளுபடலம். தள்ளிக்கொண்டு போய்ச் சேருமிடம் ஒரு பட்டறை. அங்கே தொடங்குகிறது கழற்றுபடலம். இந்த நான்கு படலங்களுக்கும் இடையில் சிந்தனைப்படலம் என்று ஒன்று எங்கேயாவது வருகிறதா? வருவதில்லை என்பதும், வராததற்குப் பட்டறைக்காரர் மட்டுமே காரணம் அல்லர் என்பதும் என் வழக்கு.

எஞ்சின் நம்மிடம் கேட்பது அதிகமில்லை. காற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்கும் உரிய நேரத்தில் கூடினால் அது ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் நான்கில் ஏதோ ஒன்று வரவில்லை. எது வரவில்லை என்று கேட்டறிய எஞ்சினிலேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் பிளக். பலமுறை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்துவிட்டது. தீப்பொறியைத் தேடலாம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்ததா என்று பார்க்கலாம். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வழியிலேயே எங்கோ தடைப்பட்டிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கார்புரேட்டரில் கை வைப்பது, நாடி பிடிக்காமல் கத்தியை எடுப்பதற்கு ஒப்பாகும்.

பிளக் காய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் டாங்கிலிருந்து புறப்பட்டு வடிகட்டி, அடைப்பான், ரப்பர்க் குழாய், கார்புரேட்டரின் சிறு கிண்ணம், ஜெட் என்று நடந்து எஞ்சினுக்குள் போக வேண்டும். இவ்வளவு நீண்ட வழியில் தடை எங்கே? ஒரு முனையிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே போவது ஒரு முறை. அதைவிட நல்ல முறை நடுவில் போய் நிற்பது. கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் பல வண்டிகளில் ஒரு வடிகால் திருகு உண்டு. அதைச் சற்றே தளர்த்தினால், பெட்ரோல் ஒழுகுகிறதா இல்லையா என்ற ஒரே விடையில் பாதி வழி கழிந்துவிடும். தாராளமாக ஒழுகினால் டாங்கும் குழாயும் குற்றமற்றவை. பழுது ஜெட் பக்கம். ஒழுகவில்லை என்றால் ஜெட் மீது பழியில்லை. மேலே போக வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் சந்தேகத்தைச் சரிபாதியாக வெட்ட வேண்டும். அகராதியில் சொல் தேடும்போது நாம் முதல் பக்கத்திலிருந்தா புரட்டுகிறோம்?

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு அடைப்பானைக் கையால் திருப்பும் வேலையில்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுப்பே ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து, சவ்வு ஒன்றை இழுத்துப் பெட்ரோலைத் திறந்துவிடும். எஞ்சின் நின்றால் சவ்வும் மூடிக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சவ்வு விறைத்தாலோ கிழிந்தாலோ, அந்த மெல்லிய குழாய் கழன்றாலோ, டாங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு வண்டி பட்டினி கிடக்கும். சவ்வு கிழிந்து பெட்ரோல் அந்த இழுப்புக் குழாய் வழியாகவே எஞ்சினுக்குள் புகுவதும் உண்டு. அப்போது நோய் பட்டினி அன்று, அஜீரணம்!

இனிக் கதை ஒன்று. என் அண்ணன் விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையிலிருந்து பூ மூட்டை ஏற்றி வருபவர். வண்டி பழையது, இரண்டாம் கையில் வாங்கியது. தினமும் சில கிலோமீட்டர் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். பூ பத்து நிமிடம் பொறுக்கும்; வாங்க வருகிறவர்கள் பொறுப்பதில்லை. ஒரு பட்டறையில் பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவிவிட்டு, புதிதாகவே மாற்றிவிடலாம் என்றார்கள். இரண்டிலுமாக இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் போயிற்று. வண்டி நிற்பது நிற்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு பெரியவரை. அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "எத்தனை கிலோமீட்டர்ல நிக்குது?" என்று கேட்டார். ஐந்தாறு என்றோம். பிறகு கேட்டார்: "தம்பி, டேங்க் நெறைய ஊத்துனா சீக்கிரம் நிக்குதா, கொஞ்சமா ஊத்துனா சீக்கிரம் நிக்குதா?" அண்ணன் யோசித்து, "நெறைய ஊத்துன அன்னைக்குத்தாண்ணே ரெண்டு மைல் கூடத் தாண்டலை" என்றார். "அடுத்த தடவ நின்னா ஒண்ணும் பண்ணாதீங்க, டேங்க் மூடிய மட்டும் தொறங்க." மறுநாள் நின்ற இடத்தில் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் காற்று புகும் சிறு துளை, அழுக்கும் தூசியும் இறுகி அடைத்திருந்தது. சோப்புத் தண்ணீரும் காற்றும் போதுமாயிருந்தன.

நிறைய ஊற்றினால் ஏன் சீக்கிரம் நிற்க வேண்டும்? பெரியவருக்கு விடை அனுபவத்தில் இருந்தது. நான் இயற்பியல் மாணவன், கணக்கில் தேடினேன். எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விக்குவதும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் சீராக விழுவதும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்ததே. வெளியேறிய எண்ணெயின் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். டாங்கும் அப்படித்தான். பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது அதன் சொந்த எடை மட்டுமே. அந்த உயரத்தைத் தாராளமாக 30 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் அழுத்தம் சுமார் 2,200 பாஸ்கல்தான் வருகிறது. வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். அதாவது டாங்குக்குள் அழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே போதும், பெட்ரோல் அசையாது!

டாங்கில் 3 லிட்டர் காலி இடம் இருந்தால், அழுத்தம் அவ்வளவு குறைய ஏறத்தாழ 65 மில்லிலிட்டர் பெட்ரோல் வெளியேற வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மூன்று கிலோமீட்டர். காலி இடத்தில் உள்ளது வெறும் காற்றன்று, பெட்ரோல் ஆவியும் உண்டு. காலியான இடத்தை அது ஓரளவு நிரப்பிக்கொள்ளும். அதையும் சேர்த்தால் ஐந்து கிலோமீட்டர் வரை நீளும். காலி இடம் 1 லிட்டர்தான் என்றால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் சொன்ன கிலோமீட்டரும் என் நோட்டில் வந்த கிலோமீட்டரும் இவ்வளவு நெருங்கி நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் தந்ததில்லை.

முதல் இரண்டு பட்டறைக்காரர்களையும் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் நடந்ததை நேர்மையாகப் பாருங்கள். வேப்பமரத்துப் பெரியவருக்கு அண்ணன் கொடுத்தது இருபது ரூபாய். எதையும் மாற்றவில்லையே, எதற்குக் கூலி என்பதுதான் பொதுவான நியாயம். காயில் மாற்றியவருக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்தபோது நாங்கள் முணுமுணுக்கவில்லை. கையில் ஒரு பழைய காயிலைத் திருப்பிக் கொடுத்தார் அல்லவா! பொருளுக்குக் காசு தருவோம், யோசனைக்குத் தரமாட்டோம் என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிவிட்ட பிறகு, பட்டறைக்காரர் பொருளை மாற்றாமல் எதைச் செய்வார்? அவருக்கும் வாடகை உண்டு. வீட்டில் பிள்ளைகள் உண்டு. பழுதைக் கண்டுபிடித்ததற்கென்று தனியாக ஒரு கூலியை நாம் மனமாரத் தரத் தொடங்கினால், கழற்றி மாட்டும் வேலை பாதியாகக் குறையும் என்பது என் துணிபு. இதில் ஏழைக்குத்தான் இலாபம். புதுக் கார்புரேட்டர் வாங்கக் கூடியவர் பழைய வண்டி ஓட்டுவதில்லை.

ஒரு வழக்கத்தை மட்டும் நான் மன்னிப்பதற்கில்லை. அடைத்த ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்துவது! ஜெட் பித்தளை, இரும்பைவிட மென்மையானது. சில கார்புரேட்டர்களின் ஜெட்டில் பொறித்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் பங்குகளாகக் குறிப்பது. 95 என்றால் 0.95 மில்லிமீட்டர். கம்பி பட்டு அது 1.00 ஆகிவிட்டால் வேறுபாடு ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை என்று தோன்றும். ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பெட்ரோல் நூற்றுக்கு 11 பங்கு கூடுதலாகப் போகும். மைலேஜ் எங்கே போயிற்று என்று பிறகு ஊரெல்லாம் தேடுவோம். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் இழுப்பதும் அப்படியே. நுரையீரலுக்குள் சில துளி போனாலே உயிருக்கு ஆபத்து. அது வீரம் அன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தொலைவில் உள்ள பீடி நெருப்பையும் தேடிப் போகும் என்பதைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

"இதெல்லாம் பழங்கதை, கார்புரேட்டர் காலம் முடிந்துவிட்டது" என்பார் விடுதி நண்பர். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புது ஸ்கூட்டர்களில் உட்செலுத்து முறை வந்துவிட்டது உண்மையே. 1972-இல் பிறந்த சேட்டக் என்ற பெயரே 2020-இல் மின்சார ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. அதற்குப் பெட்ரோல் வழியே கிடையாது! ஆனாலும் நண்பர் ஒன்றை மறக்கிறார். வழி மாறவில்லை, வழியில் நிற்கும் காவலர்கள்தாம் மாறியிருக்கிறார்கள். சவ்வுக்குப் பதில் டாங்குக்குள் மின் பம்பு. ஜெட்டுக்குப் பதில் மின்னணு மூளை திறந்து மூடும் ஊசி. சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி பம்பு முனகும் ஒலி கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். கேட்காவிட்டால் பியூஸ், வயர், பம்பு. கேட்டால் அதற்கு அப்பால். நடுவில் நின்று கேட்கும் அதே கேள்விதான். குழாயில் மட்டும் கை வைக்க வேண்டாம். உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும்.

பழைய வண்டிக்காரருக்கோ புதுச் சிக்கல் வந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-இல் நூற்றுக்கு 20 என்ற அளவை எட்டிவிட்டது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். உட்செலுத்து வண்டியின் மூளை ஓரளவு இதை உணர்ந்து அளவைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை. பழைய ஜெட் பழைய கணக்கிலேயே விடும். எஞ்சினுக்குக் கிடைக்கும் கலவை மெலியும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் உப்பி விறைக்கும். எத்தனால் நீரையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். டாங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே! கரும்பு உழவருக்கு நன்மை என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. பழைய ஸ்கூட்டரின் ரப்பர்க் குழாயும் சவ்வும் மாற்றும் செலவு யார் தலையில் என்று கேட்க மட்டும் எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இறுதியாக நம் ஆய்வகத்தைப் பற்றி ஒரு சொல். பேராசிரியப் பெருமக்கள் கோபிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாம் செய்யும் சோதனைகள் எல்லாவற்றிலும் விடை முன்கூட்டியே தெரியும். ஈர்ப்பு முடுக்கம் 9.8 வரும்வரை ஊசலை ஆட்டுகிறோம். வராவிட்டால் நோட்டில் வரவழைக்கிறோம். பெர்னூலி 1738-இல் எழுதிய தத்துவத்தைப் பலகையில் நிறுவிவிட்டு, அதே தத்துவம் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்றை வேகப்படுத்தி, அழுத்தத்தைக் குறைத்து, பெட்ரோலை மேலே ஏற்றுவதைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் பெறுகிறோம். பழைய இரும்புக் கடையில் உருப்படியான கார்புரேட்டர் ஒன்றும் டாங்க் ஒன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்ரோல் வேண்டாம், சாயம் கலந்த நீரே போதும். ஆய்வக உதவியாளர் முன்னதாக ஓரிடத்தில் மட்டும் அடைத்து வைக்கட்டும். மூடியிலோ, குழாயிலோ, கிண்ணத்து ஊசியிலோ, ஜெட்டிலோ. எங்கே என்று அவருக்கு மட்டும் தெரிய வேண்டும். மாணவருக்கு அரை மணி நேரம். எத்தனை திருகு கழற்றினார் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறைக்கலாம். புறத்தேர்வாளராக வேப்பமரத்துப் பெரியவரை அழைக்கலாம். அன்றைக்கு அவருக்கு இருபது ரூபாய் கொடுத்து அனுப்பாமல், பல்கலைக்கழகம் மற்றத் தேர்வாளர்களுக்குத் தரும் படியையே தர வேண்டும்.